பன் போகும் தூரமும் ரஸ்க் போகும் தூரமும்
பேக்கரித் தொழிலில் இறங்க நினைக்கும் உழவர் குழுக்களுக்கு ஒரு கணக்கு

பெருந்துறையில் யாராவது "பேக்கரிக்குப் போலாம் வாங்க" என்று கூப்பிட்டால், டீ குடிக்கப் போவதாக அர்த்தம். கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாப் பக்கமும் இதே பேச்சுதான். முன்னால் டீ பாய்லர். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே தேங்காய் பன், பப்ஸ், ரஸ்க், வர்க்கி, பாட்டிலில் பட்டர் பிஸ்கட். காட்டு வேலைக்குப் போகிறவரும் சிப்காட் ஷிப்ட் முடிந்து வருகிறவரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியை உழவர் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். மைதா வடநாட்டுக் கோதுமை. வனஸ்பதி பெரும்பாலும் கப்பலில் வந்த பாமாயில். நம்ம காட்டிலிருந்து உள்ளே போனது என்ன? டீக்குப் பால், பன்னுக்குள் கொஞ்சம் தேங்காய். அப்புறம் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டி. அது பப்பாளிக்காய். நம்ம பக்கம் பால் எடுப்பதற்காகப் பப்பாளி வைக்கும் தோட்டங்களிலிருந்து அந்தக் காய் போகிறது. அவ்வளவுதான்.

இத்தனைக்கும் சுற்று வட்டாரத்தில் என்னதான் இல்லை? ராகி, கம்பு, சோளம் விளைகிறது. கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை. ஊத்துக்குளியில் வெண்ணெய். பெருந்துறையிலேயே கொப்பரை ஏலம். ஆகவே, "நாமே சிறுதானிய பிஸ்கட் போட்டால் என்ன?" என்று உழவர் குழுக்களிலும் மகளிர் குழுக்களிலும் பேச்சு வருவது நியாயம்தான். நம்ம கூட்டங்களிலும் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

நான் முப்பது வருசத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். இப்போது ராகியும் கம்பும் தென்னையுமாகப் பண்ணையம் பார்க்கிறேன். வங்கியில் இருந்த காலத்தில் பேக்கரிக் கடன் கணக்குகள் பலதைப் பார்த்திருக்கிறேன். வளர்ந்ததும் உண்டு, படுத்ததும் உண்டு. படுத்த கடைகளில் ருசி மோசமென்று படுத்தது குறைவு. ஒரு பேக்கரிக்காரர் என்னிடம் சொன்னதுதான் சரி: "சார், அடுப்புல ஒரு நட்டமும் இல்லீங்க. லைன் வண்டியிலதானுங்க நட்டம்."

இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு, ஓர் ஊர்த் தொழில் வெளியூர் போய் வளர்ந்த விதத்தைச் சில உண்மைக் கதைகளில் பார்ப்போம்.

ஆர்டர் முதலில், சரக்கு அப்புறம்

நீல்கிரிஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரொட்டி, கேக், வெண்ணெய், சாக்லேட் என்று தென்னிந்தியா முழுக்கத் தெரிந்த பெயர். அதன் ஆரம்பம் ஒரு தபால்காரர். முத்துசாமி முதலியார் என்பவர் வெள்ளைக்காரன் காலத்தில் கோவையிலிருந்து குன்னூருக்கும் ஊட்டிக்கும் கடிதமும் காசோலையும் சுமந்துகொண்டு மலை ஏறியவர். மலையில் இருந்த வெள்ளைக்காரர்கள் அவரிடம், "வெண்ணெய் கிடைக்குமா, அது கிடைக்குமா" என்று கேட்டார்கள். 1905ல் ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய்த் தொழிலை வாங்கி, ஊட்டிக்குப் பக்கத்தில் வண்ணார்பேட்டையில் சின்னக் கடை போட்டார். 1936ல் கடை பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போனது. பிறகு பாலுக்காக ஈரோட்டுப் பக்கம் பால் பண்ணை வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் வாங்குகிறவர் யார், வாரம் எவ்வளவு கேட்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் சரக்கு. வெண்ணெய் கெட்டுப்போகிற பொருள். அதைச் சுமந்து போய் வழியில் ஆள் தேடினால் உருகிப் போகும். ஆர்டர் கையில் இருந்ததால் நட்டம் வரவில்லை. இன்னொன்று, கடை வாங்குகிறவர் இருக்கும் பட்டணத்துக்குப் போனது. பால் மட்டும் மாடு இருக்கும் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது.

கதையின் பின்பகுதியையும் சொல்ல வேண்டும். 2006ல் ஆக்டிஸ் என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் பெரும்பங்கை வாங்கியது. 2014ல் ஃபியூச்சர் குழுமம் சுமார் 300 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. பெரிதாக வளர்ந்த தொழில் கைமாறுவது வியாபாரத்தில் சகஜம். ஆனால் உழவர் குழு ஒன்று தொழில் தொடங்கும்போது, நாளைக்குப் பெரிதானால் பங்கு யார் கையில் இருக்கும் என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பாலை விட்டுப் பன்னீருக்கு

பெருந்துறைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் மில்கி மிஸ்ட். அது பேக்கரி கிடையாது, ஆனால் பாடம் அதேதான். பால் வியாபாரத்தில் இருந்த குடும்பம், 1990களில் பாலை விட்டுவிட்டுப் பன்னீருக்கு மாறியது. பால் காலையில் கறந்தால் சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டிய பொருள். பன்னீரைக் குளிரில் வைத்தால் பல நாள் தாங்கும். தாங்குகிற பொருளுக்கு மாறியதால் தூரத்து ஊர்க்கடைகள் திறந்தன. குளிர் இல்லாத கடையில் பன்னீர் நிற்காது என்பதால், கடைகளில் குளிர்ப்பெட்டி வைக்கும் வேலையையும் கம்பெனியே செய்தது. 2025ல் பங்குச் சந்தைக்குப் போக மனுப் போடும் அளவுக்கு வளர்ந்தது.

சரக்கு எத்தனை நாள் தாங்குமோ, அத்தனை தூரம்தான் வியாபாரம் போகும். பேக்கரிக்கு இதைவிடப் பெரிய விதி இல்லை.

ஈரம் சொல்லும் தூரம்

பேக்கரிச் சரக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது அதில் மிஞ்சியிருக்கும் ஈரம். ரொட்டியிலும் பன்னிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கிறது. மருந்து கலக்காவிட்டால் நம்ம வெயிலுக்கு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். இயற்கை வழி என்று சொல்லிக்கொண்டு பூஞ்சை மருந்து கலக்க முடியாது. ஆக, பன் என்பது ஓர் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் உரிய பொருள். கேக் அதைவிடக் கொஞ்சம் தாங்கும். ரஸ்க், வர்க்கி, பிஸ்கட் இவற்றில் ஈரம் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதற்கும் கீழே. காற்றுப் புகாமல் கட்டினால் மாசக்கணக்கில் நிற்கும், மாவட்டம் தாண்டிப் போகும்.

ஊட்டி வர்க்கியைப் பாருங்கள். கடைக்காரர் எவரும் வண்டி எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகவில்லை. சுற்றுலா வந்தவர்கள் பை நிறைய வாங்கிப் போய் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். வாங்கினவரே விநியோகஸ்தர் ஆனார். வர்க்கி காய்ந்த சரக்கு என்பதால்தான் இது முடிந்தது. பழைய முறையில் ஈஸ்ட் போடாமல், எடுத்து வைத்த புளிப்பு மாவைக் கொண்டு பிசைந்து, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். பெயர் பரவியதும் எங்கெங்கோ செய்த வர்க்கிக்கும் ஊட்டிப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2023ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் உழவர் கேள்வி ஒன்று பாக்கி. வர்க்கியின் மைதாவும் கொழுப்பும் நீலகிரியில் விளைந்தவையா? இல்லை. பெயர் ஊருக்குச் சொந்தம், மூலப்பொருள் வேறெங்கோ. இதோடு பழனிப் பஞ்சாமிர்தத்தை ஒப்பிடுங்கள். அதற்கு 2019ல் குறியீடு கிடைத்தது. அதில் விருப்பாச்சி மலை வாழைப்பழத்துக்கும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கும் இடமிருக்கிறது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கோயில் தேவஸ்தானம் சர்க்கரை கொள்முதல் செய்கிறது. பஞ்சாமிர்தம் விற்கிற அளவுக்கு ஆலை போடும் கரும்புக்காரருக்கும் காசு போகிறது. நாம் செய்யப்போகும் பிஸ்கட் இந்த இரண்டாவது வகையாக இருக்க வேண்டும்.

நம்ம தானியம் அடுப்பில் என்ன செய்யும்

கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பிசைந்தால் ஜவ்வு மாதிரி இழுபடும், காற்றைப் பிடித்து வைக்கும், ரொட்டி உப்பும். ராகி, கம்பு, சாமை, வரகு எதிலும் அது கிடையாது. அதனால் முழுச் சிறுதானிய ரொட்டி செங்கல் மாதிரி ஆகிவிடும். உப்ப வேண்டிய அவசியம் இல்லாத பிஸ்கட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிறுதானியத்தோடு தொடங்குகிறவர் பிஸ்கட்டில் தொடங்குவது இயற்கையான வழி.

கம்பில் ஒரு விசயம் உண்டு. கொழுப்புச் சத்து கூடுதல். அரைத்த மாவில் அந்தக் கொழுப்பை ஒரு நொதி சிதைக்க ஆரம்பிக்கும். பத்து நாளில் மாவு கசக்கும். பிஸ்கட்டில் அந்தக் கசப்பு அப்படியே தெரியும். வழி இரண்டு. ஒன்று, சுடுகிற அன்றைக்கு அரைப்பது. இன்னொன்று, முழுக் கம்பைக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து, நன்றாக உலர்த்தி அரைப்பது. சூட்டில் அந்த நொதி அடங்கிவிடும். ராகி மாவு இந்த அளவுக்குச் சிக்கல் தராது. அதனால்தான் முதல் சரக்குக்கு ராகி நல்லது என்கிறேன்.

நாட்டுச் சர்க்கரை காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஐப்பசி மழையில் பிஸ்கட் நமுத்துப் போனது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார். சர்க்கரையை நன்றாகக் காயவைத்துச் சலிப்பது, சுட்ட பிஸ்கட் முழுக்க ஆறிய பிறகே கட்டுவது, ஈரம் புகாத உறை போடுவது, இந்த மூன்றும் தவறக் கூடாது.

வனஸ்பதிக்குப் பதில் வெண்ணெய் போட்டால் அடக்கவிலை ஏறும். ஆனால் 'ஊத்துக்குளி வெண்ணெய்' என்று உறையில் உண்மையாகவே எழுத முடிவது பெரிய பலம். செயற்கை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. ரொட்டி மாவில் போட்டுவந்த பொட்டாசியம் புரோமேட் 2016ல் தடைசெய்யப்பட்டது. வாங்குகிறவர்களும் இப்போது உறையைத் திருப்பிப் படிக்கிறார்கள். முன்பக்கம் 'ராகி பிஸ்கட்' என்று பெரிதாகப் போட்டு, பின்பக்கம் மைதா முதலிடத்தில் இருப்பதைக் கடையில் நிறையப் பார்க்கிறோம். இயற்கை உழவர் பெயரில் வருகிற சரக்கு அப்படி இருந்தால், நம்ம அரிசியையும் மஞ்சளையும்கூட மக்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ராகி எத்தனை சதவீதம் என்பதை முன்பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டும்.

லைன் வண்டிக் கணக்கு

இனி அந்தப் பேக்கரிக்காரர் சொன்ன லைன் வண்டிக்கு வருவோம். கீழே இருப்பது புரிவதற்காக நான் போட்ட மாதிரிக் கணக்கு. வரியைச் சேர்க்கவில்லை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாக்கெட் 50 ரூபாய். கடைக்காரருக்கு 10, விநியோகஸ்தருக்கு 4 போக நம்ம கைக்கு 36. மாவு, சர்க்கரை, வெண்ணெய், கூலி, விறகு, உறை எல்லாம் சேர்த்து அடக்கம் 28. பாக்கெட்டுக்கு லாபம் 8.

நாளைக்கு 100 பாக்கெட் போட்டு, 100ம் விற்றால் லாபம் 800 ரூபாய்.
10 பாக்கெட் திரும்பி வந்தால்: வரவு 3,240, செலவு 2,800. லாபம் 440.
20 பாக்கெட் திரும்பி வந்தால்: வரவு 2,880, செலவு 2,800. லாபம் 80.

ஐந்தில் ஒன்று திரும்பி வந்தாலே பாடுபட்டது அத்தனையும் போச்சு. வண்டி டீசலை இதில் நான் சேர்க்கவே இல்லை. வியாபாரம் விரிகிறது என்று சந்தோசப்பட்டு, இருபது கடையை ஐம்பது கடை ஆக்கும்போதுதான் ரிட்டர்ன் ஏறும். புதுக் கடையில் சரக்கு மெதுவாகத்தான் நகரும், அதே நேரம் அலமாரியில் இடம் பிடிக்க நிறைய வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கடன். பெரிய கடைகள் ரொக்கம் தராது. 30 நாள் தவணை என்றால், தினம் 90 பாக்கெட் விற்பனைக்கு 97,200 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். அந்தப் பணம் யாருடையது? பெரும்பாலும் தானியம் கொடுத்த உறுப்பினர்களுடையது. "பிஸ்கட் காசு வந்தால் ராகிக்குத் தருகிறோம்" என்று குழு சொல்ல ஆரம்பித்தால், ஆறு மாதத்தில் உறுப்பினர்கள் பழைய வியாபாரியிடமே மூட்டையைக் கொண்டு போவார்கள். ராகிக்கு ரொக்கம் முதலில், பிஸ்கட்டுக்குக் கடன் அப்புறம் என்று எழுதி வைத்த குழுதான் நிலைக்கும்.

நான் வங்கியில் இருந்தபோது திட்ட அறிக்கையில் அடுப்பு எத்தனை ட்ரே, மிக்ஸர் எத்தனை கிலோ என்பதெல்லாம் விவரமாக இருக்கும். ரிட்டர்ன் எத்தனை சதவீதம், பணம் வர எத்தனை நாள் என்ற இரண்டு வரி இருக்காது. நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அடுப்பைப் பெரிதாக்காமல் பெருகிய கடை

வெளிநாட்டுக் கதை ஒன்று. பாரிஸில் 1932ல் பியேர் புவாலான் என்பவர் ஒரு ரொட்டிக் கடை தொடங்கினார். கல் திரிகையில் அரைத்த மாவு, புளிப்பு மாவு, விறகு அடுப்பு. கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடையுள்ள பெரிய உருண்டை ரொட்டி. ஈஸ்ட் ரொட்டியைவிடக் கூடுதல் நாள் தாங்கும். மகன் லியோனல் காலத்தில் ஆர்டர் குவிந்தது. சாதாரணமாக இந்த இடத்தில் எல்லோரும் பெரிய மிசின் வாங்குவார்கள். அவர் 1980களில் பாரிஸுக்கு வெளியே பியேவ்ர் என்ற ஊரில் ஒரு பெரிய கூடம் கட்டி, அதே மாதிரி விறகு அடுப்புகளை 24 வைத்தார். ஒவ்வொரு அடுப்பையும் பிசைந்து சுடத் தெரிந்த ஆளே பார்த்துக்கொள்கிறார். ரொட்டி மாறவில்லை. இன்று அது கடல் தாண்டியும் போகிறது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? வளர வேண்டுமென்றால் செய்முறையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெருந்துறையில் ஒரு சின்ன அடுப்பு நன்றாக ஓடினால், காங்கயத்தில் இன்னொரு குழு அதே செய்முறையில் இன்னொரு அடுப்பு போடலாம். வண்டி நாற்பது கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை. ராகியும் அந்தந்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். பெயர், உறை, தரச் சோதனை மட்டும் பொதுவில் இருந்தால் போதும்.

பணம், பயிற்சி, வரி

பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம் 2020ல் வந்தது. தனிநபர் அலகுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய், கடனோடு இணைந்த மானியம். குழுக்கள் பொதுப் பெயரில் விற்பனை செய்வதற்கான செலவில் 50 சதவீதம் வரை உதவி என்றும் விதி இருந்தது. இப்போது நடப்பில் உள்ள விதியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். மானியத்துக்காக மிசின் அளவைக் கூட்டாதீர்கள். மானியம் ஒரு தடவை வரும், வங்கித் தவணை மாசாமாசம் வரும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பேக்கரிப் பயிற்சியும் சிறுதானிய உணவுப் பயிற்சியும் நடக்கின்றன. தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ இல்லாமல் ஒரு பாக்கெட்கூட வெளியே போகக் கூடாது.

வரியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்ற குழப்பத்தை அன்னபூர்ணா ஓட்டல் உரிமையாளர் நிதியமைச்சர் முன் எழுப்பியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், கேக் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வெண்ணெய் போட்டுச் செய்கிற சின்ன அலகுக்கு இது கொஞ்சம் மூச்சுவிட இடம்.

எங்கே தொடங்கலாம்

முதலில் உங்கள் ஊர் பேக்கரிக்காரரிடம் போங்கள். அவரை எதிரியாக நினைக்க வேண்டியதில்லை. அவரிடம் அடுப்பு இருக்கிறது, காலையில் ஆள் வருகிறார்கள், ருசி தெரியும். "அண்ணா, மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் நாங்க தர்றோம், வாரத்துக்கு ரெண்டு நாள் உங்க அடுப்புல சுட்டுத் தர முடியுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பு ஓயும் மத்தியான நேரம் அவருக்கும் வரும்படிதான். மிசின் வாங்கும் முன்பே செய்முறை கைக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு சரக்கு போடுங்கள். ராகி, நாட்டுச் சர்க்கரை, வெண்ணெய். பத்துக் கடை. அதில் பாதி இயற்கை அங்காடியும் உழவர் குழுக் கடையுமாக இருக்கட்டும். அங்கே ரொக்கம் கிடைக்கும். மூன்று மாதம் ஒரு நோட்டில் கடை வாரியாகப் போட்டது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, பணம் வந்த தேதி என்ன என்று எழுதுங்கள். ரிட்டர்ன் நூற்றுக்கு ஐந்துக்குள் நின்றால் பதினோராவது கடைக்குப் போங்கள். பத்தைத் தாண்டினால் கடையைக் குறையுங்கள், அல்லது பாக்கெட்டைச் சிறிதாக்குங்கள்.

வங்கிக்குக் கடன் கேட்டுப் போகும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அழகாக அச்சடித்த திட்ட அறிக்கையைவிட, மூன்று மாத ரிட்டர்ன் நோட்டை மேனேஜர் நம்புவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.